ஒரே வீடு, நான்கு பதில்: மதுரை வாரியக் குடியிருப்பில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரம்

குடும்பம்

இந்த ஆய்வில் வரும் குடும்பத்தில் நான்கு பேர். கணவருக்கு 46 வயது. கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்கு மொத்தக் கடைகளில் லோடுமேன் வேலை. மனைவிக்கு 41. அண்ணா நகரில் வீட்டு வேலை செய்கிறார். கணவரின் அம்மாவுக்கு, அதாவது மகளின் அப்பத்தாவுக்கு, 70 தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. மகளுக்கு 19 வயது, நகருக்குள் ஒரு கல்லூரியில் படிக்கிறாள்.

முன்பு வைகைக் கரையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தார்கள். இப்போது நகரை விட்டு வெளியே, மேலூர் சாலைப் பக்கம் ஒரு வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், குடியிருப்பின் பெயரையும் எழுதவில்லை. பிரச்சினை மட்டும் மாறாமல் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் அந்தக் குடியிருப்பில் மகளிர் குழுக்களோடு பழகி வருகிறது. ஒரு குழுக் கூட்டத்தில்தான் பேச்சு வந்தது: “பி பிளாக் மூணாவது மாடி அப்பத்தா கீழ இறங்கி ரொம்ப நாளாச்சு. சாப்பாடும் சரியா சாப்பிடலையாம்.” மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. போய்ப் பார்த்த பிறகு, ஆஸ்பத்திரியோடு முடிகிற விஷயமாக அது தெரியவில்லை. அந்த வீட்டிலிருந்த நான்கு பேரும் அதே நான்கு சுவருக்குள் நான்கு விதமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்த வீடுகள் வந்த வழி

குடிசைவாசிகளுக்கு அரசே மாடி வீடு கட்டித் தருவது தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டு தாண்டிய வேலை. வீட்டு வசதி வாரியம் 1961-ல் வந்தது. மதுரையில் எல்லீஸ் நகர் ஹவுசிங் போர்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தவணை கட்டச் சக்தி இல்லாதவர்களை அந்த வழி எட்டவில்லை. 1970-ல், கலைஞர் முதல்வராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-ல் வந்தது. சென்னையில் தொடங்கிய வேலை பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஜனங்கள் வாயில் இன்னும் ‘ஸ்லம் போர்டு வீடு’தான்.

மதுரையைச் சுற்றி இப்படிப் பெரிய குடியிருப்புகள் எழுந்தது இரண்டு மத்தியத் திட்டங்களின் பணத்தோடு. ஒன்று 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பெயரிலான நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம். மற்றொன்று 2015 ஜூனில் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டம். பின்னதில், மிகவும் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 320 சதுர அடி. கூட்டு முயற்சியில் கட்டும் அடுக்குமாடி வீடு ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. மீதியை மாநில அரசும் பயனாளியும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, கக்கூஸ், துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. ஒழுகும் தகரத்துக்குக் கீழே மழைக்காலம் முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். சிக்கல் நிலத்தில் இருக்கிறது. நகருக்குள் நிலம் விலை அதிகம். அரசுப் புறம்போக்கு கிடைப்பது வெளியே. அதனால் வீடு வெளியே போகிறது, வேலை உள்ளேயே இருக்கிறது. சென்னையில் 2000-ம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகருக்கு மக்களைக் கொண்டுபோன காலத்திலிருந்தே பேசப்படும் விஷயம் இது. செலவைக் குறைக்க இந்த பிளாக்குகளைத் தரைத்தளமும் மூன்று மாடியுமாக நிறுத்தினார்கள். லிப்ட் கிடையாது.

கேட்ட முறை

வீட்டைப் பற்றிக் கணக்கெடுக்க வருகிறவர்கள் பொதுவாகக் குடும்பத் தலைவியிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் வருகிறதா, கரண்ட் இருக்கிறதா, சுவரில் விரிசல் உண்டா. எல்லாம் வீட்டைப் பற்றிய கேள்விகள். எங்களுக்கு ஆளைப் பற்றிய கேள்விகள் தேவைப்பட்டன. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளின் சுருக்க வடிவத்தை எடுத்துக்கொண்டோம்.

அதில் 26 கேள்விகள். முதல் இரண்டும் பொதுவானவை: உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி, உடல்நலத்தில் திருப்தியா. மற்ற 24-ல் உடல் சார்ந்தவை 7, மனம் சார்ந்தவை 6, உறவு சார்ந்தவை 3, சூழல் சார்ந்தவை 8. கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஒன்றிலிருந்து ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளை உருவாக்க உலகம் முழுக்கத் தொடக்கத்தில் சேர்ந்த 15 மையங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. தமிழ் பேசுகிறவர்களின் வாழ்க்கையும் அந்தத் தாளுக்குள் போயிருக்கிறது என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை உண்டு. வாழ்க்கைத் தரம் என்பதை அந்த நிறுவனம் ஒருவர் தன் நிலையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்றுதான் வரையறுக்கிறது. தன் பண்பாடு, தன் எதிர்பார்ப்பு, தன் கவலை எல்லாவற்றையும் வைத்து அவரே சொல்ல வேண்டியது. பக்கத்தில் இருப்பவர் அவருக்காகச் சொல்ல முடியாது.

இங்கேதான் கஷ்டம். 320 சதுர அடியில் ஒருவரிடம் தனியாகப் பேச இடம் எங்கே? அப்பத்தாவிடம் கேட்டால் மருமகள் பதில் சொன்னார். மகளிடம் கேட்டால் அப்பத்தா சொன்னார். கணவர் “எல்லாம் நல்லா இருக்குங்க” என்று ஒரே வரியில் முடித்தார். மருமகளைத் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், மகளை பஸ் ஸ்டாப்பில், கணவரைக் கீழமாசி வீதி டீக்கடையில் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்தோம். அப்பத்தாவை மட்டும் எங்கும் கூட்டிப்போக முடியாது. மற்றவர்கள் வெளியே போன முற்பகலில் அவரோடு உட்கார்ந்தோம்.

கணவன் மனைவி உறவு பற்றி ஒரு கேள்வி தாளில் உண்டு. படுக்கையறையில் மகளும் அப்பத்தாவும் படுக்கிறார்கள், ஹாலில் இவர்கள். மனைவி அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டார். நாங்களும் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனோம். பதில் வராததையும் குறித்து வைத்தோம், ஒற்றைப் படுக்கையறை வீட்டைப் பற்றி அது ஏதோ சொல்கிறது என்பதால்.

அப்பத்தா

ஒரு மாடிக்கு 18 படி, மூன்று மாடிக்கு 54. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். உடல் எடை முழுவதும் வளைந்த முட்டியில் விழும். அவர் இறங்குவதைப் பார்த்தோம். பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். முதல் மாடி வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “போதும் தாயி, திரும்பி ஏறணும்ல.” அன்றைக்கு அதற்கு மேல் அவரை இறங்கச் சொல்ல மனம் வரவில்லை.

வைகைக் கரையில் இருந்தபோது பூக்காரர் ஒருவர் காலையில் மல்லிகை அரும்பைக் கொடுத்துவிட்டுப் போவார். தெருத் திண்ணையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து கட்டிக் கொடுத்தால் கைச்செலவுக்கு ஏதோ கிடைக்கும். வெற்றிலை வாங்க, பேத்திக்கு நாலு காசு கொடுக்க அது போதும். இங்கே பூக்காரர் வருகிறார், ஆனால் கீழே வருகிறார். மூன்றாம் மாடிக்கு அரும்பைக் கொண்டுவந்து கொடுத்து, கட்டியதை வாங்கிப்போக யார் ஏறுவார்கள்?

சாப்பாடு குறைந்த காரணம் கடைசியில்தான் வெளிவந்தது. வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது, ஆனால் குந்தி உட்காரும் இந்தியன் கக்கூஸ். குந்தினால் எழுந்திருக்க முடியாது, பேத்தி தூக்கிவிட வேண்டும். பேத்தி காலேஜுக்குப் போய்விட்டால்? அதனால் காலையில் ஒரு வாய் காபி, மத்தியானம் கொஞ்சம் கஞ்சி, அத்தோடு சரி. தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் இப்படிச் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. வீட்டில் யாருக்கும் இது தெரியவில்லை. “வயசாச்சு, பசிக்க மாட்டேங்குது” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

மேல் தளம் என்பதால் வெயில் நேரே கூரையில் இறங்கும். சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரி சாதாரணம். மற்றவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். அவர் அந்த வெக்கையில் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடப்பார்.

பதில்கள் எதிர்பார்த்தபடியே இருந்தன. நடமாட்டம், தூக்கம், அன்றாட வேலை எல்லாம் அடிமட்டம். மனம் சார்ந்த கேள்விகளில் ஒன்றில், வாழ்க்கைக்கு அர்த்தம் இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டதற்கு ஒன்று என்று விரலைக் காட்டினார். ஆனால் வீடு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஐந்து. “எம்மகன் வீடு தாயி. சிமிண்டு வீடு.”

இவருக்கு ஏன் மூன்றாம் மாடி? பிரதமர் வீட்டு வசதித் திட்ட வழிகாட்டுதலிலேயே மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் இருக்கும் குடும்பத்துக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளம் முன்னுரிமை என்று இருக்கிறது. விசாரித்தபோது காரணம் கிடைத்தது. ஒதுக்கீட்டுக்கு விவரம் எடுத்தபோது அப்பத்தாவின் பெயர் மூத்த மகனின் குடும்ப அட்டையில் இருந்திருக்கிறது. இருந்ததோ எப்போதும் இளையவர் வீட்டில். அதனால் பட்டியலில் இந்தக் குடும்பம் மூன்று பேர், மூன்று பேரும் திடமானவர்கள். குலுக்கலில் மூன்றாம் மாடி விழுந்தது, வாங்கிக்கொண்டார்கள். யாரும் வேண்டுமென்றே செய்த தவறும் இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு மாற்றுத்திறனாளிச் சான்றும் சுலபமாகக் கிடைக்காது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அது 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று வாங்கியவர்களுக்கு. நடக்க முடியாத ஒரு கிழவி இரண்டு பட்டியலுக்கும் நடுவே விழுந்துவிட்டார்.

மருமகள்

கரையில் இருந்தபோது அண்ணா நகர் நடக்கும் தூரம். மூன்று வீட்டில் வேலை பார்த்தார். இப்போது காலை நாலரைக்கு எழுந்து, சோறு பொங்கி, குழம்பு வைத்து, இரண்டு குடம் குடிநீர் மேலே ஏற்றிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 கிலோ. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் குழாயில் வருகிறது, அது புழங்க மட்டும். குடிக்கிற தண்ணீர் கீழேயிருந்துதான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த மாதிரி குடியிருப்புகளில் அந்த ஒரு உத்தரவு செய்திருக்கும் நன்மையை நேரில் பார்த்தவள் நான். அது இல்லாவிட்டால் பல பெண்கள் வேலையையே விட்டிருப்பார்கள். அதனால் போக்குவரத்து பற்றிய கேள்விக்கு இவர் தயங்காமல் நான்கு கொடுத்தார். அதை மட்டும் பார்க்கிறவர் பஸ் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் ஓய்வு நேரம் உண்டா என்ற கேள்விக்கு ஒன்று. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான தெம்பு? இரண்டு. தேவைக்குப் பணம்? இரண்டு. “பஸ்ஸுக்குக் காசு இல்லக்கா. ஆனா சாயங்கால வீட்ட விட்டுட்டேன். அந்த வீட்டுல மாசம் ரெண்டாயிரம் வந்துச்சு. ஏழு மணிக்கு மேல நம்ம ஊருக்கு பஸ்ஸு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? சேர் ஆட்டோவுல ராத்திரில தனியா வரப் பயமா இருக்கு.” மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. விட்ட வீட்டுச் சம்பளத்தில் பாதி அது. தூரம் அவரிடம் காசாகப் பிடிக்கவில்லை. நேரமாகப் பிடித்தது, நேரத்தின் வழியாக வேலையைப் பிடித்தது. கேள்வித்தாளில் தூரம் என்று ஒரு கட்டம் கிடையாது. வேறு கட்டங்களில் சிதறிக் கிடப்பதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மகளும் அப்பாவும்

நால்வரில் அதிக மதிப்பெண் போட்டவள் மகள். எங்களில் சிலருக்கு இது ஆச்சரியம். காலேஜுக்கு இரண்டு பஸ், தோழிகள் எல்லாம் பழைய இடத்தில். இருந்தும் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்ந்தது.

“அங்கிட்டு இருக்கயில விடியுறதுக்கு முன்னாடி ஆத்தோரம் போயிட்டு வந்துரணும் மேடம். மாதவிலக்கு நாள்னா பெரிய கஷ்டம். இங்க கதவு இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு.” பெட்ரூம் சுவர் ஓரமாக ஒரு பழைய மேசை, மேலே ட்யூப்லைட். இரவு பத்து மணிக்கு மேல் அந்த மூலை அவளுடையது. காலேஜ் தோழிகளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். முன்பு முகவரி கேட்டால் பேச்சை மாற்றுவாளாம். தூரத்தில் வீடு கட்டுவதை எதிர்த்துப் பேசும் எங்களைப் போன்றவர்கள் இந்தப் பிள்ளையின் பதிலையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் அவள் குறைத்தாள்: பாதுகாப்பு. மாடிப்படியில் இரண்டு இடத்தில் விளக்கு எரியவில்லை. மொட்டை மாடியில் வெளி ஆட்கள் வந்து உட்கார்கிறார்கள். அவர்கள் மூன்றாம் மாடி வாசல்களைக் கடந்துதான் மேலே போக வேண்டும்.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாரத்தில் பாதி நாள் கடை வாசலிலேயே படுத்துக்கொள்கிறார். லாரி நடுராத்திரியில் வந்தாலும் இறக்க வேண்டும், இங்கிருந்து போய்ச் சேர முடியாது. வீட்டைப் பற்றிய கேள்விக்கு ஐந்து, குடும்ப உறவு பற்றிய கேள்விக்கு மூன்று. அந்த மூன்றைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை.

செய்தது

பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி கக்கூஸ் மேல் வைத்தோம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்த காரியம். அந்த வாரத்திலேயே அப்பத்தா மத்தியானச் சோறு சாப்பிடத் தொடங்கினார். இதை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் எத்தனை நாள் பட்டினி மிச்சமாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது மருந்து. வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. குடும்பம் இடம் மாறியதைச் சொல்லவில்லை, அதனால் பெயர் பழைய பகுதியிலேயே இருந்தது. புதுப் பகுதி செவிலியரிடம் சொன்னதும் சேர்த்துக்கொண்டார். முட்டிக்கான பயிற்சிகளையும் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் அலைவது நின்றது.

அப்புறம்தான் வீடு மாற்றும் பேச்சு. அதே பிளாக் தரைத்தளத்தில் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. அவர்களுக்கு மேலே போக ஆசை. வாசலுக்கு எதிரே சாக்கடைத் தொட்டி நிரம்பி வழியும். நாற்றம், கொசு, மழை பெய்தால் சுவரில் ஓதம். குழந்தைக்கு ஓயாத சளி. இரு தரப்புக்கும் தேவை பொருந்தி வந்தது.

இப்படி மாற்றிக்கொள்ள நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வாய்ப் பேச்சாக மாறிக்கொள்ளாதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கும் கதவு எண்ணும் நீங்கள் இருக்கும் வீடும் வேறாகிவிட்டால், பின்னால் பத்திரம் எழுதும் நேரத்தில் பெரிய தலைவலி. வீடு குடும்பத் தலைவி பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்கும். அவர்கள் கையெழுத்தோடு இரு குடும்பமும் சேர்ந்து மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கரண்ட் இணைப்பு, குடும்ப அட்டை முகவரி, கேஸ் புத்தகம் மூன்றையும் உடனே மாற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் மீட்டர் யார் பெயரில் இருந்தால் என்ன என்று விட்டுவிடுவார்கள். பாக்கி விழுந்த பிறகுதான் சண்டை வரும். அப்பத்தாவின் பெயரை இளைய மகன் அட்டைக்கு மாற்றியதும் இந்தச் சமயத்தில்தான். அதற்கு மூத்த மகன் வீட்டில் சம்மதம் வாங்கப் பேச வேண்டியிருந்தது. அட்டையிலிருந்து பெயரை எடுத்தால் அம்மாவையே ஒதுக்கிவிட்டதாக ஊர் பேசுமோ என்று மூத்த மருமகளுக்குப் பயம். அது நியாயமான பயம்தான். நிதானமாகப் பேசித் தீர்த்தோம்.

மாறுவதற்கு முன் சாக்கடைத் தொட்டியைச் சரி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரின் துன்பத்தை இன்னொருவருக்குக் கைமாற்றுவதுதான் மிச்சம். இந்த இடத்தில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் உதவியது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக்கு வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் போடும். ஆனால் முதலில் நாம் வசூலிக்க வேண்டும். தரைத்தளக்காரர்கள் மட்டும் கொடுக்கட்டும், மேலே இருப்பவர்களுக்கு என்ன என்று ஒரு வாதம் வந்தது. ஒரு அக்கா எழுந்து, “மேல இருந்து வர்றதுதான கீழ நிக்குது?” என்று கேட்டார். அதன் பிறகு எல்லா வீடும் கொடுத்தது. தொட்டி தூர்வாரப்பட்டது, மூடி மாற்றப்பட்டது, படிக்கட்டில் எரியாத விளக்குகளும் எரிந்தன.

மறுபடி கேட்டபோது

வீடு மாறிச் சில மாதம் கழித்து அதே கேள்விகளை நான்கு பேரிடமும் கேட்டோம்.

அப்பத்தாவிடம் மாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. வாசல்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூக்கட்டுகிறார். எதிர் வீட்டுக் கிழவியும் சேர்ந்துகொண்டார். முட்டி வலி குறையவில்லை, வலி பற்றிய பதில் அப்படியேதான் இருந்தது. ஆனால் தூக்கம், நடமாட்டம், கைச்செலவு, மனசு எல்லாம் ஏறியிருந்தன. வாழ்க்கையின் அர்த்தம் பற்றிய கேள்விக்கு நான்கு விரலைக் காட்டினார். வலி இருக்கும்போதே வாழ்க்கை மேம்பட முடியும் என்பதை வயதானவர்களோடு வேலை பார்க்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

மருமகளுக்குக் குடம் தூக்கும் வேலை குறைந்தது. அவ்வளவுதான். ஓய்வு நேரம் ஒன்று, பணம் இரண்டு. அவருடைய கஷ்டம் மாடியில் இல்லை, சாலையில் இருக்கிறது. வீட்டை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. கணவர் பதிலிலும் மாற்றம் இல்லை.

மகளுடைய மதிப்பெண் இறங்கியது. தரைத்தள ஜன்னலைத் திறந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே பார்க்கிறான். மூடினால் காற்று இல்லை. அப்பத்தாவோடு பூக்கட்ட வருகிறவர்கள் பேச்சு வீடு முழுக்கக் கேட்கிறது. இரவில் வாசலில் பைக் நிறுத்திப் பேசும் பையன்கள் வேறு. ட்யூப்லைட் மூலை அவளிடமிருந்து போய்விட்டது. “அப்பத்தாவுக்காகத்தான மேடம், பரவாயில்ல” என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்னதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பனிபடர்ந்த மாதிரியான கண்ணாடி ஒட்டுத்தாளை ஒட்டினோம், மேல்பாதியில் காற்று வரும். அதனால் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. குடியிருப்பில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தை மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம். சாவி யார் பொறுப்பு என்பதில் பேச்சு நிற்கிறது.

இந்தக் குடும்பத்தை முழுதாக எடுத்து ஒரே எண்ணாக எழுதியிருந்தால், அப்பத்தா ஏறியதும் பேத்தி இறங்கியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ‘பெரிய மாற்றம் இல்லை’ என்று வந்திருக்கும். தலைவியிடம் மட்டும் கேட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

மற்றவர்கள் எடுத்துச் செய்யக்கூடியவை

ஒதுக்கீட்டுக்கு முன் வீட்டுக்கு வீடு போய், அட்டையில் இருக்கும் பெயர்களோடு உண்மையில் அங்கே தூங்கி எழும் ஆட்களையும் எழுத வேண்டும். ராத்திரி இந்த வீட்டில் படுப்பது யார் யார் என்று கேட்டாலே போதும், அப்பத்தா அந்தப் பட்டியலில் வந்திருப்பார். படி ஏற முடியுமா என்பதற்குச் சான்றிதழ் கேட்காமல், ஏறச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். தரைத்தளத்தில் சில வீடுகளை மாற்றத்துக்கென்றே காலியாக வைத்திருப்பது நல்லது. இன்று திடமாக இருக்கிறவர் பத்து வருடத்தில் அப்படி இருக்கப்போவதில்லை.

ஏற்கெனவே குடியேறிவிட்ட இடங்களில் இந்த 26 கேள்விகளையும் வயது வந்த ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கேட்கும் இடத்தை முன்பே யோசித்துவிட்டுப் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விரல்களே போதும். தாளில் இல்லாத இரண்டு கேள்விகளை நாங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்களும் சேர்க்கலாம்: இங்கே வந்த பிறகு எந்த வேலையை விட்டீர்கள்? வயிற்றைக் கட்டுவது உண்டா, எதற்காக?

மருமகளின் விஷயம் பாக்கி இருக்கிறது. அவரைப் போலவே மாலை வேலையை விட்ட பெண்கள் அந்தக் குடியிருப்பில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர், விட்ட வேலை, இழந்த சம்பளம் எல்லாவற்றையும் மகளிர் குழுவே எழுதி வருகிறது. இரவு ஏழரைக்கும் ஒன்பதுக்கும் மாட்டுத்தாவணியிலிருந்து குடியிருப்பு வாசல்வரை இரண்டு டவுன் பஸ் வேண்டும் என்பது கோரிக்கை. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால் மீதி தூரம் இருட்டில் நடக்க வேண்டும் என்பதால், ‘வாசல்வரை’ என்பதை மனுவில் தனி வரியாக எழுதியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் முடிந்ததும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் அதைக் கொடுக்கப்போகிறோம். பஸ் வந்தாலும் வராவிட்டாலும், அதன் பிறகு மூன்றாவது முறையாக அந்த நான்கு பேரிடமும் கேட்போம்.